தங்கிப்போனவர்களின் ஊர்

காரைக்குடிக்கும்தான் ரயில் வந்தது, அது ஏன் நைரோபி ஆகவில்லை? இப்படிக் கேட்டவர் என் அம்மான். எண்பதைத் தாண்டியவர், ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் வராமல் விடமாட்டார். என் மகளும் மாப்பிள்ளையும் நைரோபியில் வேலை பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்தபோது முகப்பில் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். 1899-க்கு முன்னால் அப்படி ஒரு ஊரே கிடையாது, தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கூடாரம் அடித்த இடம்தான் ஊரானது, ஆறே வருடத்தில் தலைநகரமும் ஆகிவிட்டது, 2019 கணக்கெடுப்பில் 44 லட்சம் பேர் இருந்தார்கள், கிகூயு, லுவோ, சோமாலி, சூடானிலிருந்து வந்த நூபியர், பஞ்சாபி, குஜராத்தி, கோவாக்காரர் என்று எல்லாச் சனமும் உண்டு என்றாள். "ரயில்தான் ஐயா அந்த ஊரைப் பெத்துச்சு." அம்மான் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "நமக்கும் 1930-லயே ரயில் வந்துருச்சே ஆத்தா. அது எதைப் பெத்துச்சு?"

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் ஆட்கள், செட்டிநாட்டு நகரத்தார், ஊர் உண்டாக்கத் தெரியாதவர்களா என்றால் அப்படியும் இல்லை. ரங்கூனில் மொகல் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு, கோலாலம்பூரில் அம்பாங் தெரு என்று வட்டித் தொழிலுக்குப் போன இடமெல்லாம் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) போட்டார்கள், கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-ல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழும்பியது. அதே சாலையில் 1903-ல்தான் சிங்கப்பூரின் முதல் ரயில் நிலையம் வந்தது. அங்கெல்லாம் ரயிலுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தவர்கள் நாம். சொந்த ஊருக்கு ரயில் வந்தபோது என்ன ஆனது?

327-ஆம் மைல்

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நைரோபி ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒரு முழுப் பகலைக் கழித்தேன். பழைய நீராவி எஞ்சின்கள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் முன்னால் நின்று, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே காலை அகட்டி வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் கோட்டையூர் ஸ்டேஷனில், வண்டி வர நேரம் இருந்தால் இறங்கி நின்று விளையாடிய அதே அகலம். மீட்டர் கேஜ். அந்தப் பாதையை மீட்டர் கேஜாகப் போட்டதற்கே காரணம் இந்தியாதான். இங்கே அந்த அளவில் எஞ்சினும் பெட்டியும் இருந்தன, கப்பலில் ஏற்றி அனுப்ப முடிந்தது. கூலிக்கு ஆளையும் இங்கிருந்தே ஏற்றினார்கள். சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆட்கள், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள்.

மொம்பாசா துறைமுகத்தில் 1896-ல் தொடங்கிய வேலை 1899 மே மாதக் கடைசியில் 327-ஆம் மைலுக்கு வந்து சேர்ந்தது. இடையில் சாவோ ஆற்றுப் பாலத்தில் சிங்கங்கள் கூலியாட்களைத் தூக்கிப்போன கதையை அங்கே போகிற எல்லோருக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது மொத்தச் சாவுக் கணக்கு. சுமார் 2,500 இந்தியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் செத்துப்போனார்கள். சிங்கம் அடித்தது அதில் சொற்பம். மலேரியாவும் சீதபேதியும் வேலைத்தள விபத்தும்தான் மற்றவர்களைக் கொண்டுபோயின. விக்டோரியா ஏரி வரை போன முழுப் பாதைக்கும் கணக்குப் போட்டால், மைலுக்கு ஏறக்குறைய நான்கு உயிர். சிங்கத்தின் பேரைச் சொல்லத் தெரிந்த உலகத்துக்கு இவர்களில் ஒருவர் பேரும் தெரியாது.

அந்த 327-ஆம் மைலில் ஏன் நின்றார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு அப்பால் மலை ஏறவேண்டும், ஏறிய பிறகு பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்தில் இறங்கவேண்டும். அதற்கு முன்னால் சமதளமாகக் கிடைத்த கடைசி இடம் அதுதான். மாசாய் மக்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஓடை ஒன்றும் இருந்தது. அங்கே தளவாடக் கிடங்கு வைத்தார்கள், பட்டறை போட்டார்கள், மொம்பாசாவிலிருந்த ரயில்வே தலைமை அலுவலகத்தை அதே வருடம் அங்கே கொண்டுவந்தார்கள். குடியிருக்கத் தோதான இடமே இல்லை. கரிசல் மண், மழை பெய்தால் முழங்கால் சேறு, தண்ணீர் வடிய வழி கிடையாது. 1902-ல் பிளேக் வந்து, இந்தியர்களின் பஜாரைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். ஊரை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. ஆனால் பட்டறையையும் யார்டையும் யார் பெயர்ப்பது? எரிந்த பஜார் மறுபடி எழுந்தது. 1905-ல் ஆட்சியின் தலைமையிடமும் மொம்பாசாவிலிருந்து அங்கேயே வந்துவிட்டது.

பட்டறை எங்கே போனது

காரைக்குடிக்கு வருவோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929-ல் ரயில் வந்தது. அங்கிருந்து திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை என்று மானாமதுரை வரை 1930-ல். அந்த வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலகச் சந்தை விழுந்து, பர்மா நெல் விலை தரைக்கு வந்த வருடம் அது. அன்றைக்குப் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, அவற்றில் கிடந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. கடன் வாங்கிய விவசாயி அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1937-ல் அது 25 பங்கு. பணமாகத் திரும்ப வேண்டியது சேறாகக் கையில் நின்றது. அந்த நிலத்தை இழந்த பர்மாக்காரன் வயிறு எரிந்ததும் நியாயம்தான், இதை எங்கள் வீடுகளில் சத்தமாகச் சொல்வதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, அத்தோடு முடிந்தது கணக்கு.

ஆக, நம் வீடுகளைக் கட்டிய பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஊர்களுக்கு ரயில் கிடையாது. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கடைசித் தூரத்தை மாட்டு வண்டியில்தான் கடந்தன. செம்மண் தடத்தில் வண்டிச் சக்கரம் புதைந்து, எத்தனை இடத்தில் தேக்கு உத்தரத்தை இறக்கி ஏற்றினார்களோ. ரயில் வந்து நின்றபோது ஏற்றி வர அப்படிப்பட்ட சரக்கு குறைந்துவிட்டது.

இன்னொன்று பட்டறை. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ல் அதைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றினார்கள். நம் பக்கத்தில் ரயில் பெற்ற ஊர் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் பொன்மலையைத்தான் சொல்வேன். பட்டறைச் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்த ஊர். ஆங்கிலோ இந்தியர், தெலுங்கர், மலையாளி, நாகப்பட்டினத்திலிருந்து குடும்பத்தோடு பெயர்ந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே காலனியில் இருந்தார்கள். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி அங்கே சங்க ஊழியர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து பேர் செத்தார்கள். நைரோபியிலும் தொழிற்சங்கத்தின் கதை ரயில்வேயை ஒட்டித்தான் வளர்கிறது. ரயில்வேயில் தச்சு வேலை பார்த்த தகப்பனிடம் சிறு வயதில் பஞ்சாபிலிருந்து போய்ச் சேர்ந்த மக்கன் சிங்தான் 1935-ல் அங்கே தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். ஆப்பிரிக்கர், இந்தியர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட சங்கம். 1950-லிருந்து பதினோரு வருடம் அவரை விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள்.

எஞ்சின் நின்றுவிட்டுப் புறப்படும் ஊர் வேறு, எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் ஊர் வேறு. அம்மானுக்கு இதைப் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, பட்டறைக்கு வந்தவன் வேலை முடிஞ்சதும் திரும்பிப் போயிருந்தா?" என்றார். அவர் கேட்டது சரிதான். ரயில் வேலை முடிந்ததும் அந்த 32,000 பேரில் பெரும்பாலோர் திரும்பத்தான் செய்தார்கள். தங்கியது சுமார் 6,700 பேர்.

இழைப்புளி

என் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த் தளத்தில் ஒரு சீக்கியப் பெரியவர் இருக்கிறார். அவருடைய தாத்தா ரயில்வேயில் தச்சராக வந்தவர். சாயங்காலம் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். பேச்சுவாக்கில் உள்ளே போய் ஒரு மர இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கை வைக்கும் இடம் கறுத்து வழவழவென்று இருந்தது, கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஒரு பள்ளம். அடிப்பாகம் தேய்ந்துபோய், அதற்கு வேறொரு மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு தன் அப்பா போட்டது என்றார். அலகு இன்னும் கூராக இருந்தது. யார் தீட்டுகிறார்கள் என்று கேட்டதற்கு, தான்தான் என்றார்.

உங்கள் தாத்தா ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். சம்பளம், நிலம், வியாபாரம் என்று ஏதாவது காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: பாட்டியை வரவழைத்துவிட்டார், அதனால் திரும்பவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பியாப்போனில் ஏஜெண்டாக இருந்தவர். மூன்று வருசத் தவணை. அடுத்த ஆள் வந்து கணக்கை ஒப்புக்கொண்டதும் கப்பலேறி ஊருக்கு வருவார். சில காலம் இருப்பார், ஒரு பிள்ளை பிறக்கும், மறுபடி தவணை. ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் எல்லோரும் ஆண்கள். கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, பாய், அவ்வளவுதான். அப்பத்தா ரங்கூனைப் பார்த்ததே இல்லை. ஆனால் ரங்கூனிலிருந்து வந்த அரக்குப் பாத்திரம் ஒவ்வொன்றும் எந்தத் தவணையில் வந்தது என்று சொல்வார். ஐயா முதல் தவணைக்குப் போனபோது அப்பத்தாவுக்குப் பதினைந்து வயது என்று கேள்வி. அந்த மூன்று வருடமும் வளவில், வீட்டு உள்முற்றத்தில், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். "நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன், வேற என்ன" என்றார்.

நம் முன்னோர்கள் போன இடத்திலெல்லாம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டார்கள், கணக்கில் நாணயம் வைத்தார்கள், கோயிலுக்கு மகமை எடுத்து வைத்தார்கள். ஆனால் பொதுவாகக் குடும்பத்தைக் கொண்டுபோகவில்லை. அங்கே கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களைப் பற்றியும் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் இங்கே பேச்சே கிடையாது. திரும்பும் எண்ணத்தோடேயே இருந்ததால் அந்த ஊர் அவர்களுக்கு ஒரு நாளும் சொந்த ஊராகவில்லை. இங்கேயும் அதே கதைதான். 1930-ல் வந்த ரயிலும் நமக்குப் போய்வரத்தான் பயன்பட்டது. அன்றைக்கு மானாமதுரையில் மாறி, தனுஷ்கோடி வண்டி பிடித்துக் கொழும்புக்குப் போகலாம், திருச்சி வழியாகச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகலாம். உலகத்துப் பொருளெல்லாம் வந்து சேர்ந்த வீடுகளில், உலகத்து மனிதர் யாரும் வந்து குடியேறவில்லை.

நைரோபியை நான் ஏதோ சொர்க்கமாகச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அந்தப் பெரியவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேற்கே மேட்டு நிலம் வெள்ளைக்காரர்களுக்கு, வடக்கே பார்க்லாண்ட்ஸும் ங்காராவும் இந்தியர்களுக்கு, கிழக்கே தாழ்வான பக்கம் ஆப்பிரிக்கர்களுக்கு என்று ஊரை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். நிலம் யாருடையதோ அவன்தான் 1920 முதல் கிபாண்டே என்ற அடையாளச் சீட்டைத் தகரக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. மாசாயும் கிகூயுவும் தங்கள் சொந்த மண்ணில் அனுமதி கேட்டு நின்றபோது இந்தியர்கள் நடுவில் கடை வைத்திருந்தார்கள். அந்த நடு இடத்தின் விலையைப் பிறகு கட்டினார்கள். 1968-ஐ ஒட்டிப் பல்லாயிரம் பேர் பிரிட்டனுக்குப் போனார்கள், இந்தப் பெரியவரின் அண்ணன் தம்பிகளும் அதில் அடக்கம். இவர் போகவில்லை. 2017-ல் கென்ய அரசு அங்குள்ள ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-ஆம் இனக்குழு என்று அறிவித்தபோது தமக்கு அழுகை வந்துவிட்டது என்றார். தாத்தா வந்து இறங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் ஊரில் தங்கியவர்கள்

திரும்பி வந்து காரைக்குடியைப் பார்த்தபோது, இங்கேயும் தங்கிப்போனவர்கள் இருக்கிறார்களே, அவர்களை ஏன் ஊரின் கதையில் சேர்ப்பதில்லை என்று தோன்றியது. செட்டிநாடு என்றால் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் கவுனி அரிசியையும் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். நாமும் அதையே காட்டுகிறோம்.

பர்மா காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு கப்பல் கப்பலாக நம் சனம் திரும்பியது. செட்டியார்கள் மட்டும் இல்லை. வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், சின்னக் கடைக்காரர்கள், அங்கேயே பிறந்து தமிழும் பர்மியமும் சேர்த்துப் பேசியவர்கள். என்னோடு படித்த ஒருவனின் வீடு அங்கே. அவன் அம்மா வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு மொஹிங்கா செய்து கொடுப்பார். லுங்கியும் சட்டையும் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவார், ஊர் திரும்பிப் பார்க்கும். எங்கள் வீட்டுப் பணம் பர்மாவில் சம்பாதித்தது என்பதில் பெருமைப்பட்ட நாங்கள், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்த அந்த அம்மாவை எங்கள் வளவுக்குள் கூப்பிட்டதே இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனத்துப்போகிறது.

அப்புறம் சிக்ரி. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று திறப்பு விழா. என்னைக் கேட்டால், காரைக்குடிக்குக் கிடைத்த பட்டறை அதுதான். வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் விஞ்ஞானிகள் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தபோது, சிக்ரி வீட்டுப் பெண்கள் சைக்கிளில் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் அக்காள் பி.எஸ்ஸி. படித்ததற்கு அந்தச் சைக்கிள்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அழகப்பர் கட்டிய கல்லூரிகளையெல்லாம் புகழ்கிறோம், நியாயம்தான். வெளியூர் ஆள் குடும்பத்தோடு வந்து தங்க அவர் இடம் கொடுத்ததையும் அதே அளவுக்குப் புகழவேண்டும்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. 2030-ல் நம் ரயிலுக்கு நூறு வயது. விழா எடுப்பார்கள், மலர் போடுவார்கள். அந்த மலரில் கேங்மேன்களின் பேரும், ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர்களின் பேரும், பர்மா காலனிப் பெரியவர்கள் சொல்லும் கப்பல் கதையும், சிக்ரி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்களின் ஞாபகங்களும் வரவேண்டும். பர்மா காலனியில் அந்தக் கப்பல்களில் வந்த தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது அப்படி ஒருவர் இருந்தால், போனிலாவது அவர் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள்.

இப்போதும் ரயிலில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். ஓட்டல் அடுப்படியில், கட்டட வேலையில், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் இடங்களில் அவர்கள்தான். எங்கள் தெருவில் சலவைக்கல் பாலிஷ் போடும் ஒருவர் ஊரிலிருந்து மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவர வீடு தேடுகிறார். தனி ஆளாக நான்கைந்து பேர் சேர்ந்து இருக்கக் கொட்டகை கிடைக்கிறது, குடும்பம் என்றால் யாரும் வீடு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எங்கள் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. அதில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுக்கலாம் என்று அம்மானிடம் சொன்னேன். என் பங்கில் அவருக்கு உரிமை இல்லை, ஆனால் அவர் சொன்னால் என் பங்காளிகள் கேட்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளைகள எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்களாம்?" என்று கேட்டார். மாநகராட்சிப் பள்ளியில் விசாரித்து வைத்திருப்பதைச் சொன்னேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பங்காளிகள் சரி என்றுவிட்டார்கள். அமெரிக்காவில் இருப்பவர், வாடகைப் பத்திரம் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். வக்கீலிடம் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்.